ஓடாத வண்டி

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இயற்பியல் படிக்கும் பிள்ளைகளைக் கண்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பழமொழியைச் சற்று உரக்கவே சொல்வது வழக்கம். "மூன்று வருஷமாகப் படிக்கிறாயே, மிக்ஸி நின்றுபோனால் சரிசெய்யத் தெரிகிறதா?" என்று கேட்காத தாய் எந்த வீட்டில் இருக்கிறார்? அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிடக் கையால் சொல்லலாமே என்று சென்ற கோடை விடுமுறையில் ஒரு வண்டி செய்ய முற்பட்டேன்.

அந்த வண்டிக்குச் சக்கரம் ஒன்றே ஒன்று. அதுவும் கையில் பிடிக்கும் சக்கரம். எஞ்சின் கிடையாது, பெட்ரோல் கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது. ஆயினும் நின்ற இடத்தில் நின்றபடியே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் காட்டும். பொருட்காட்சிகளிலும் பெரிய வணிக வளாகங்களிலும் காசு கொடுத்து உட்கார்ந்து, எதிரே உள்ள திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டும் விளையாட்டு வண்டியை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் நான் பழைய பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே செய்தேன்.

செய்யத் தூண்டிய காரணங்கள் இரண்டு. ஒன்று, நம் துறைக் கண்காட்சி. மற்றொன்று என் பெரியப்பா. இருபத்தேழு ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டியவர் அவர். ஒருமுறை நடந்த கண் பரிசோதனையில் அவருக்குக் கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய் இருப்பது தெரிந்தது. இந்த நோய் பெரும்பாலும் நடுப்பார்வையை விட்டுவைத்து, பக்கப் பார்வையை ஓசைப்படாமல் தின்றுவிடும். நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டிலிருந்து குறுக்கே வரும் பிள்ளை தெரியாது. அவரை ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுப்பி அலுவலக வேலைக்கு மாற்றினார்கள். அது நியாயம்தான் என்று அவரே சொல்வார். ஆனால் ஓய்வு பெற்று வந்த இரண்டு ஆண்டுகளாகத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத மனிதராக அவர் ஆகிவிட்டார். பேருந்தில் போனால்கூட முன்னிருக்கையில் உட்கார மாட்டார். அவர் கையில் மறுபடியும் ஒரு ஸ்டீயரிங்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முன்னோர் செய்த வண்டிகள்

இவ்வகை வண்டிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் இறுதியில் ஜப்பானிலும், அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் செய்யப்பட்டவற்றில் கணிப்பொறி ஏதும் இல்லை. சுழலும் தட்டுகளில் வரைந்த படங்களை விளக்கொளியால் திரையில் வீழ்த்தினார்கள். 1974இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'கிரான் டிராக் 10' என்பது ஓட்டப்பந்தய வீடியோ விளையாட்டுகளின் முன்னோடிகளுள் ஒன்று. ஸ்டீயரிங், கியர், இரண்டு மிதிகள் எல்லாம் அதிலேயே வந்துவிட்டன. நுண்செயலி இல்லாமல், தனித்தனிச் சில்லுகளைக் கோத்தே அதைச் செய்திருந்தார்கள். 1976இல் வந்த 'நைட் டிரைவர்' இன்னும் வேடிக்கையானது. இருண்ட திரையில் சாலையோரத்து வெள்ளைக் கம்பங்கள் மட்டும் நகர்ந்து வரும். ஓட்டும் காரோ திரையின் அடிப்பகுதியில் ஒட்டிய பிளாஸ்டிக் படம்! கம்பங்கள் நகர்ந்தால் போதும், கார் ஓடுவதாக மனம் தானே நம்பிக்கொள்கிறது.

1982இல் நாம்கோவின் 'போல் பொசிஷன்', 1986இல் சேகா நிறுவனத்துக்காக யூ சுசுகி வடிவமைத்த 'அவுட் ரன்' எனப் படம் மேலும் மேலும் மெய்போல் ஆயிற்று. 'அவுட் ரன்' வண்டியின் பெரிய வகையில், வளைவில் திரும்பும்போது இருக்கையே அசையும். 1989இல் வந்த 'ஹார்டு டிரைவின்' இன்னொரு படி ஏறியது. சாவி போட்டுத்தான் கிளப்ப வேண்டும். கிளட்ச் மிதி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டார் ஒன்று ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்து ஓட்டுபவர் கைக்கு எதிர்ப்புக் காட்டும். கண்ணுக்குச் சொன்ன கதையைக் கைக்கும் சொன்னது அந்த வண்டி.

மூன்று கேள்விகள்

எத்தனை அலங்காரம் செய்தாலும், உள்ளே உள்ள கணிப்பொறி கேட்பவை மூன்றே கேள்விகள்தாம். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது? மிதிகள் எவ்வளவு அழுந்தியிருக்கின்றன? கியர் மேலா, கீழா? இவற்றுக்கு இடைவிடாமல் விடை சொல்லிக்கொண்டிருந்தால் போதும். மீதியைத் திரை பார்த்துக்கொள்ளும்.

விடை சொல்வதற்கு நான் எடுத்துக்கொண்டது, முதலாம் ஆண்டு ஆய்வகத்திலேயே நமக்கு அறிமுகமான மாறுமின்தடை. கடைக்காரர்கள் இதைப் 'பாட்' என்கிறார்கள். இரு முனைகளுக்கும் 5 வோல்ட் கொடுத்தால், நடுக்காலில் கிடைக்கும் மின்னழுத்தம் தண்டு திரும்பும் கோணத்துக்கு ஏற்ப மாறும். அந்த மின்னழுத்தத்தை ஒரு சிறு நுண்கட்டுப்பாட்டு அட்டை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக மாற்றிக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. ஒரு படி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். பாட் திரும்பக்கூடிய முழுக்கோணம் ஏறக்குறைய 300 பாகை. என் ஸ்டீயரிங் திரும்புவதோ 270 பாகை. ஆகவே சுமார் 920 படிகள் கிடைக்கின்றன. அதாவது சக்கரம் ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு அசைந்தாலும் கணிப்பொறிக்குத் தெரிந்துவிடும். கையால் ஓட்டுகிறவருக்கு இந்த நுட்பம் தாராளம்.

புதுப்பேட்டையும் ரிச்சி தெருவும்

இரு சக்கர வண்டியின் திருகு முதல் லாரியின் அச்சு வரை கழற்றி அடுக்கியிருக்கும் இடம் சென்னைப் புதுப்பேட்டை. மாருதி 800 காரின் ஸ்டீயரிங் ஒன்றை அங்கே விலை பேசினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீலை மட்டும் எடுத்துட்டுப் போய் என்ன தம்பி பண்ணுவீங்க? நடுவுல பல்லு வெட்டியிருக்கு பாருங்க, வேற எந்த ராடுலயும் ஏறாது. ராடையும் ஒரு அடி வெட்டித் தரேன், ரெண்டையும் சேர்த்து வாங்கிக்குங்க" என்றார். ஒரு நாள் அலைச்சலை ஒரு வாக்கியத்தில் மிச்சப்படுத்திய அந்த மனிதரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். சக்கரமும் தண்டும் சேர்த்து 450 ரூபாய். மிதிகளும், ஆம்னி வேனின் இருக்கை ஒன்றும் அதே தெருவில் கிடைத்தன.

அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் ரிச்சி தெரு. மின்னணுப் பொருள்களுக்கு அதைவிட்டால் வேறு திருத்தலம் ஏது? "பத்து கே பாட் மூணு வேணும் அண்ணே" என்றேன். "வால்யூமுக்கா, வேற வேலைக்கா?" என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர். பொருள் பொதிந்த கேள்வி அது! ஒலியின் அளவு மடங்கு மடங்காகப் பெருகினால்தான் நம் காது அதைச் சீரான ஏற்றமாக உணரும். ஆகவே வானொலியின் ஒலிக்கட்டுப்பாட்டுக்குரிய பாட்டில், தண்டைப் பாதி திருப்பினாலும் மின்தடை பாதியாக இராது. ஸ்டீயரிங்குக்கு அது உதவாது. பாதி திருப்பினால் பாதி வரும் 'லீனியர்' வகைதான் வேண்டும். அதன் முதுகில் 'பி' என்ற எழுத்து இருக்கும் என்று காட்டிக் கொடுத்தார் அவர். மடக்கை வாய்பாட்டை ஏட்டில் படித்த எனக்கு, அது கடை மேசையின் மேல் உருண்டு கிடந்ததைப் பார்த்தபோது வியப்பாகவே இருந்தது.

திரைக்குப் பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியை நான் நாடவில்லை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் குழாயில் ஆளைத் தூக்கி எறியும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். பழக்கமில்லாதவர்கள் அதன் பின்மூடியைத் திறக்கவே கூடாது. 19 அங்குலத் தட்டைத் திரை ஒன்று 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. கணிப்பொறிக்குச் செலவே இல்லை. என் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினி, மூடி உடைந்து பரணில் கிடந்தது. அதில் லினக்ஸை ஏற்றினேன். பழைய விளையாட்டுகளின் நிரல்கள் அவற்றின் உரிமையாளர்களுக்கே சொந்தம். ஆகையால் யாவரும் உரிமையோடு பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளான 'டார்க்ஸ்' என்னும் பந்தய விளையாட்டை எடுத்துக்கொண்டேன்.

பட்டறையில்

எங்கள் ஊர் லேத்துப் பட்டறையில் 20 மில்லிமீட்டர் இரும்புத் தண்டு ஒன்றைக் கடைந்து, அதன் தலையில் புதுப்பேட்டைப் பல்லுத் தண்டைப் பற்றவைத்தோம். வால் பக்கத்தை 6 மில்லிமீட்டருக்கு இழைத்தோம். பாட்டின் தண்டும் அதே பருமன்தான். இரண்டையும் இறுக இணைக்காமல், இடையில் ஒரு துண்டுப் பெட்ரோல் குழாயைச் செருகச் சொன்னார் பட்டறைக்காரர். இரு தண்டுகளும் மயிரிழை விலகியிருந்தாலும் ரப்பர் அதைப் பொறுத்துக்கொள்ளும்; பாட் முறியாது. தண்டு இரண்டு பிளம்மர் பிளாக்குகளின் மேல் சுழல்கிறது. இரு பக்கமும் 135 பாகைக்கு மேல் போகாதபடி ஒரு போல்ட்டும் இரும்புக் கோணமும் தடுக்கின்றன.

திருப்பிய சக்கரம் கையை விட்டதும் நடுவுக்கு வர வேண்டும். அதற்கு நான் தேர்ந்தெடுத்தவை இரண்டு தொட்டில் ஸ்பிரிங்குகள். ஒன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடியது. மற்றொன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. தண்டில் 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள கப்பி ஒன்றைப் பொருத்தி, ஸ்கூட்டர் கிளட்ச் கம்பியை அதன்மேல் சுற்றி, இரு முனைகளையும் இரு ஸ்பிரிங்குகளில் மாட்டினேன். 135 பாகை திருப்பினால் ஒரு ஸ்பிரிங் 9.4 சென்டிமீட்டர் நீளும், மற்றது அதே அளவு சுருங்கும். சுருங்கும் ஸ்பிரிங் தளர்ந்து தொங்காமலிருக்க, இரண்டையும் தொடக்கத்திலேயே 10 சென்டிமீட்டர் இழுத்து மாட்டினேன்.

பெரியப்பா வந்தார்

இத்தனை நாளும் பெரியப்பா திண்ணையை விட்டு இறங்கவில்லை. "பொம்மை வண்டிக்கு நான் எதுக்குடா?" என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. ஸ்பிரிங் மாட்டிய அன்று மாலை, சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பிவிட்டுக் கையை எடுத்தேன். அது நடுவுக்கு வந்தது; நிற்காமல் மறுபக்கம் போயிற்று; திரும்பி வந்தது; மறுபடியும் போயிற்று. தட தடவென்ற ஓசை திண்ணைவரை கேட்டிருக்க வேண்டும். பின்னால் குரல் கேட்டது.

"என்னடா இது, ஸ்டீயரிங் தண்ணி போட்ட மாதிரி ஆடுது?"

ஸ்பிரிங்கின் மீள்விசை, தண்டின் நிலைமம், போதிய தடை இல்லாத அலைவு என்று நான் விளக்கத் தொடங்கினேன். பெரியப்பா பாதியிலேயே நிறுத்தி, "சைக்கிள் பிரேக் கட்டை ஒண்ணு கொண்டா" என்றார். அதைக் கப்பியின் விளிம்பில் உராயும்படி ஒரு திருகு வைத்துப் பொருத்தினோம். திருகைத் தளர்த்தினால் சக்கரம் ஆடியது. இறுக்கினால் நடுவை எட்டும் முன்பே சோம்பி நின்றது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையால் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி விட்டபடியே வலக்கையால் திருகை முடுக்கினார். கால் சுற்று, அரைக்கால் சுற்று, இன்னும் ஒரு நூல். சக்கரம் திரும்பி வந்து, நடுவில் அடக்கமாக நின்றது. "இதான் அளவு" என்றார்.

தடையுறு அலைவுக்கான சமன்பாட்டை வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறோம். மிகாமலும் குறையாமலும் இருக்க வேண்டிய தடையின் அளவு ஒன்று உண்டு என்று அது சொல்கிறது. அந்த அளவு இருபத்தேழு ஆண்டுகள் ஸ்டீயரிங் பிடித்த ஓர் உள்ளங்கையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஏடு 'ஏன்' என்று சொன்னது. கை 'எவ்வளவு' என்று சொன்னது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தச் சக்கரம் இன்னமும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

அதன் பிறகு வண்டி அவருடையதாகிவிட்டது. ஆக்ஸிலேட்டர் மிதி இளகலாகவும், பிரேக் மிதி கனமாகவும் இருக்க வேண்டும் என்றார். "பிரேக்குன்னா காலுக்குப் பதில் சொல்லணும்டா" என்று சொல்லி, லாரியின் பழைய ரப்பர் புஷ் ஒன்றைப் பிரேக்கின் அடியில் வைக்கச் செய்தார். நம் நாட்டு வண்டிகளில் உள்ளபடி கியரை இடக்கைப் பக்கம் வைத்தோம். முன்னும் பின்னும் தள்ளினால் இரண்டு மைக்ரோ சுவிட்சுகள் தட்டும். மிதி அழுந்துவது 40 பாகைதான். பாட் அதற்குத் தருவது சுமார் 136 படிகள். காலுக்கு அது போதும். இவ்வளவும் முடிந்த பிறகு, "ஹாரன் எங்கே?" என்று கேட்டார். விளையாட்டில் ஹாரன் இல்லை என்றேன். மறுநாள் பழைய ஆட்டோ ரிக்ஷாவின் ரப்பர் பந்து ஹாரன் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து தாமே பொருத்திவிட்டார். வண்டியில் மின்சாரம் வேண்டாத உறுப்பு அது ஒன்றுதான்.

பதினேழு பாகை

எஞ்சியிருந்தது ஒரு கேள்வி. அதற்காகத்தான் நான் இத்தனையும் செய்தேன் என்று சொன்னாலும் தவறில்லை. திரையை வழக்கம்போல் இரண்டடித் தொலைவில் வைத்தபோது அதன் இரு ஓரங்களும் பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. தலையை அங்கும் இங்கும் திருப்பித் தேடினார். அவர் முகம் சுருங்கியதைக் கண்டேன். பலகைகளை இன்னும் அறுக்கவில்லை. ஆகவே திரையை ஒரு முக்காலியின் மேல் வைத்து, சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளினேன். நான்கடி வந்ததும் "நிறுத்து, எல்லாம் தெரியுது" என்றார். கணக்கிட்டுப் பார்த்தேன். 37 சென்டிமீட்டர் அகலமுள்ள திரை, நான்கடித் தொலைவில் கண்ணில் அடைக்கும் கோணம் ஏறத்தாழ 17 பாகைதான். இரண்டடியில் அதுவே ஏறத்தாழ 34 பாகை. நலமுள்ள இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் காண்பது ஏறக்குறைய 180 பாகை. சாலை அந்த 180 பாகையையும் கேட்கிறது. ஆகையால் அவர் இனிச் சாலையில் ஓட்டக்கூடாது என்பதில் ஐயமே இல்லை. இந்த வண்டி கேட்பது 17 பாகை மட்டுமே. அது அவரிடம் இருக்கிறது.

அந்த நான்கடிதான் வண்டியின் நீளத்தைத் தீர்மானித்தது. ஆசாரி அதற்கேற்பவே பழைய பிளைவுட் பலகைகளை அறுத்துக் கூடு செய்தார். வண்ணம், கம்பி, திருகு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 6,800 ரூபாய். அச்சகத்தில் பகுதிநேரமாக வேலை செய்து நான் சேர்த்த பணம் அது.

பெரியப்பா ஓட்டிய விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. அது பந்தய விளையாட்டு. மற்ற கார்கள் சீறிப் பாய்கின்றன. இவரோ சாலையின் இடது ஓரமாக, நிதானமாக ஓட்டுகிறார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, பிறகுதான் திருப்புகிறார். முந்துகிற கார்களுக்கு வழிவிடுகிறார். கடைசியாக வந்து சேர்ந்தார். ஒரு கீறலும் இல்லை. இறங்கும்போது சக்கரத்தை ஒருமுறை தடவிவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

துறைக் கண்காட்சியில் மூன்று நாள்களும் வண்டியின் முன் வரிசை குறையவில்லை. பேராசிரியர்களும் ஓட்டினார்கள். ஹாரனை மட்டும் வகுப்பு நேரத்தில் அடிக்க வேண்டாம் என்று துறைத் தலைவர் அன்போடு கேட்டுக்கொண்டார். இப்போது வண்டி எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாலையில் தெருப் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். வேகமாக ஓட்டி மோதுகிறவனைப் பெரியப்பா எழுப்பிவிட்டு, "ரோட்டுல இன்னொரு உயிர் வாங்கித் தருவாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்தவனை உட்கார வைக்கிறார்.

நண்பர்களே! நாம் படிக்கும் ஒவ்வொரு வாய்பாடும் ஏதோ ஒரு பட்டறையில், ஏதோ ஒரு கடை மேசையில், யாரோ ஒருவருடைய உள்ளங்கையில் இருக்கிறது. அவர்களிடம் போய்க் கேட்க வெட்கப்பட வேண்டாம். நாம் கேட்டால் அவர்கள் மனமுவந்து சொல்கிறார்கள்; நாம் சொன்னால் அவர்களும் ஆவலோடு கேட்கிறார்கள். வண்டியின் வரைபடங்களும் அளவுகளும் நிரலும் அடங்கிய குறிப்பேட்டைத் துறை நூலகத்தில் வைத்திருக்கிறேன். கிளட்ச் மிதி மட்டும் இன்னும் பொருத்தப்படவில்லை. வரும் ஆண்டு மாணவர் எவரேனும் அதைச் செய்ய முன்வந்தால், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று காலால் சொல்லிக் கொடுக்க என் பெரியப்பா ஆயத்தமாக இருக்கிறார்.